தூபமிடும் கை

மார்ச் 3

என் செல்ல வாலுக்கு,

போனில் பேசினால் இரண்டு பேரும் கத்துகிறோம். அதனால்தான் பேனாவை எடுத்தேன். எழுத்தில் யாரும் குறுக்கே பேச முடியாதல்லவா!

"ரிட்டயர் ஆகப் போற நேரத்துல எதுக்கும்மா இந்த வம்பு?" என்று கேட்டாய். எங்கள் அருங்காட்சியகத்தின் நாணயப் பிரிவில் ஒரு பழைய தங்கக் காசு இருக்கிறது. நகத்தளவுதான். ஒரு பக்கம் தாமரையில் அமர்ந்த தேவி. மறுபக்கம் நின்றபடி ஒரு பெண். தலையைச் சுற்றி ஒளிவட்டம், பக்கத்தில் சின்ன அக்னி மேடை. ஒளிவட்டத்தைப் பார்த்துவிட்டு அவளையும் தேவி என்றே எல்லாரும் எழுதிவிட்டார்கள். ஆனால் இந்தக் காசை அடித்த வம்சத்தின் மற்றக் காசுகளில், அக்னி மேடையில் தூபம் போடும் அரசர்களுக்கும் ஒளிவட்டம் உண்டு. அவள் கை மேடைப் பக்கம் நீள்கிறது. விரல்கள் தேய்ந்துவிட்டன, ஆனாலும் அது தூபம் போடுகிற கைதான். சாமி தனக்குத் தானே தூபம் போட்டுக்கொள்ளுமா? அவள் அரசி.

புதிய பட்டியல் நூலில் 'தேவி' என்று போட்டு என் கையெழுத்தைக் கேட்கிறார் இயக்குநர். மாட்டேன் என்றுவிட்டேன். நாட்டை ஆண்டவளுக்கு அரசர் வரிசையில் இடம் வேண்டாமா?

வேளைக்குச் சாப்பிடு. மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல்.

உன்
அம்மா

மார்ச் 15

என் பிடிவாதக்கார அம்மாவுக்கு,

ஆபரேஷன் அறையில் மயக்க மருந்து கொடுத்து ஆட்களைத் தூங்க வைப்பது என் வேலை. நீயோ செத்துப்போனவர்களை எழுப்பிக்கொண்டிருக்கிறாய்.

கையெழுத்துப் போட்டுவிட்டு மரியாதையாக வெளியே வாம்மா. இத்தனை வருட உழைப்புக்குப் பிறகு, 'அந்தம்மாவுக்குக் கிறுக்கு' என்று உன் முதுகுக்குப் பின்னால் யாராவது சிரித்தால் என்னால் தாங்க முடியாது. எங்களோடு வந்து இரு; இங்கே உனக்கென்று வெளிச்சமான ஓர் அறை இருக்கிறது. உன் அரசி எங்கும் ஓடிவிட மாட்டாள். உன் ரத்தக் கொதிப்புதான் ஏறும்.

கோபப்படாதே. கோபப்பட்டாலும் பதில் போடு.

உன்
வாலு

ஏப்ரல் 9

என் தங்கமே,

ஜெயித்துவிட்டேன்!

குழாய் பதிக்கத் தோண்டியவர்கள் ஒரு செப்புக் குடத்தைக் கண்டார்கள். உள்ளே தங்கக் காசுகள். நேரே என் மேசைக்கு வந்தன. அவற்றில் ஒன்று, நேற்றுதான் அச்சடித்தது போலப் புதுசு. உருப்பெருக்கியில் பார்த்தேன். ஐந்து விரலும் இருக்கின்றன; விரல் நுனியிலிருந்து தூபப் பொடி புள்ளி புள்ளியாக விழுகிறது. எங்கள் காசில் விளிம்புக்கு வெளியே போய்ப் பதியாமல் விட்ட எழுத்துகளும் இதில் முழுசாக இருக்கின்றன. எங்கள் காசில் மேடைக்கடியில் இருக்கும் கீறல்கூட இதிலும் அப்படியே இருக்கிறது. இரண்டும் ஒரே அச்சில் அடித்தவை!

 இயக்குநரைக் கூப்பிட்டேன்.

"படிங்க சார்."

எழுத்துக்கூட்டிப் படித்தார். "அ... ர... சி." நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "அம்மா, அரசின்னே போட்டிருக்கும்மா!"

"நான் சொன்னா நம்பலை. அவங்களே சொல்லிட்டாங்க பாருங்க."

அறிஞர்கள் கூட்டத்தில் காசின் படத்தைத் திரையில் காட்டினேன். அவளைத் தேவி என்று முதலில் எழுதிய பேராசிரியர் வந்திருந்தார்.  அவர் எழுந்து, "ராஜ்யம் ஆண்ட பொம்பளைய சாமியாக்கி ஓரமா நிறுத்திட்டேனே!" என்று சிரித்தபடி முதல் ஆளாகக் கைதட்டினார். அரங்கமே எழுந்து நின்றது.

ஜூனில் அருங்காட்சியகத்தில் புது நாணய அரங்கம் திறக்கிறார்கள். அரசர்களுக்கு நடுவே அவள். இன்னும் இரண்டு வருடம் வேலையில் இருக்கச் சொல்கிறார் இயக்குநர். உன்னைக் கேட்காமலே சரி என்றுவிட்டேன். திட்டிக்கொள்.

உன்
அம்மா

ஏப்ரல் 24

அம்மா,

திட்டத்தான் உட்கார்ந்தேன். வரவில்லை.

உன் கடிதத்தை டீ நேரத்தில் எல்லாருக்கும் படித்துக் காட்டினேன். "உங்க அம்மாவா?" என்றார் எங்கள் சர்ஜன். "எங்க அம்மாவேதான்!" என்றேன். டீ ஆறிப்போனது, ஒருவரும் எழுந்திருக்கவில்லை.

உன்னைத் தனியாக விட்டுவிட்டேனே என்றுதான் வா வா என்கிறேன் என நினைத்திருந்தேன். இல்லையம்மா. எனக்குத்தான் நீ வேண்டியிருக்கிறது. அதற்காக உன்னை அங்கிருந்து பிடுங்கிக்கொண்டு வர முடியுமா? லீவு சொல்லிவிட்டேன். நாங்கள் இருவரும் ஜூனில் வருகிறோம்.

அழைத்துப்போக யாரும் வர வேண்டாம். உனக்கு வேலை இருக்கும். பெட்டியோடு நேரே அரங்கத்துக்கே வந்துவிடுகிறோம். முதலில் உன் அரசியைப் பார்த்து ஒரு கும்பிடு. அப்புறம்தான் உனக்கு.

உன் பொண்ணு