மேட்டில் மட்டும் திறக்கும் பக்கம்

மகன் கொழும்பிலிருந்து அனுப்பிய புதுப் போனை இன்று மத்தியானம் தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்து வாசலில் நின்று திறந்தேன். மண்சரிவு எச்சரிக்கைப் பக்கம் சட்டென்று வந்தது. எங்கள் பகுதி மஞ்சள், கவனமாக இருந்தால் போதும். அப்பாடா என்றிருந்தது. மறு நிமிடமே உறைத்தது. நம் லயத்தில் ஏதடி சிக்னல்?

காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்து மேட்டில்தானே அது கிடைக்கும். அங்கே ஒரு தடவை பார்த்துவிட்டு வேலைக்குப் போவோம்; இன்று காலையும் இந்தப் புதுப் போனில் அப்படித்தான் பார்த்தேன். சாயங்காலம் லயத்தில் மறுபடி திறப்போம். காலையில் எடுத்து வைத்த பழைய பக்கத்தையே போன் காட்டும். புதுசு என்று நம்பி லயமே நிம்மதியாகப் படுக்கும். குவைத்தில் வீட்டுவேலை பார்த்துத் திரும்பி என்னோடு கொழுந்து பறித்த நீதான் அதை முதலில் கண்டுபிடித்தாய். என் பழைய போனை வாங்கி, மூடும்போதெல்லாம் சேர்த்து வைத்ததை அழித்துவிடும்படி செட்டிங்கை மாற்றினாய். அதன் பிறகு லயத்தில் திறந்தால் வெள்ளைத் திரைதான்.

நான் உன்னைச் சும்மா விட்டேனா? குவைத்துக்காரி போனையும் இப்படிக் கெடுத்துவிட்டுத்தான் ஓடி வந்தாயா என்று, கொழுந்து நிறுக்கும் இடத்தில் எல்லாருக்கும் கேட்கும்படி கேட்டேன். நீயும் கூடையை இறக்காமலே சிரித்தாய்.

"ஒண்ணுமே காட்டலன்னாத்தாண்டி நீ மேட்டுக்கு ஏறுவ. மஞ்சளக் காட்டுனா மல்லாந்து படுத்துக்குவ."

மழை பிடித்துவிட்டால் உனக்கு இருப்பே கொள்ளாது. உரச்சாக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு ஏறுவாய், இறங்குவாய், மறுபடி ஏறுவாய். மேட்டில் உனக்கு யாரோ காத்திருக்கிறான் என்று நான் பின்னாலிருந்து கத்துவேன். திரும்பிப் பார்க்காமல் கையை மட்டும் ஆட்டுவாய். நெஞ்சு வலி என்று பதுளை ஆஸ்பத்திரிக்குப் போன நீ உயிரோடு திரும்பவில்லை. நீ மாற்றி வைத்த அந்தப் போனும் போன மாதம் நனைந்து செத்தது.

இன்று லயத்துக்குப் பின்னால் மண்திட்டிலிருந்து சேற்றுத் தண்ணீர் கசியத் தொடங்கியிருந்தது. கால் முறிந்து கட்டுப் போட்டுக் கிடக்கும் எங்கள் வீட்டுக்காரர், "மஞ்சள்தானே, பேசாம இருடி" என்றார். அவரை நகர்த்துவதென்றால் நாற்காலியோடு தூக்க வேண்டும். அந்த வெட்கம் அவருக்கு. நான் பேசாமல் இருக்கவில்லை, ஏறினேன். வழுக்கி விழுந்து எழுந்து களத்துக்குப் போய்த் திறந்தால், சிவப்பு. உடனே வெளியேறச் சொல்லியிருந்தது. நான் சோறு வடித்துக்கொண்டிருந்த நேரத்திலேயே மாறியிருக்கிறது.

ஒவ்வொரு கதவாகத் தட்டினேன். பக்கத்து வீட்டுக் காம்பராக்காரி தன் போனை நீட்டினாள். "மஞ்சள்தானே அக்கா இருக்கு?" வழக்கமாக நான் கேலி செய்வேன் என்று சிரிப்புக்குத் தயாராக நின்றாள். "அது காலையில உள்ளது. பிள்ளையத் தூக்கு" என்றேன். என் முகத்தைப் பார்த்து அவளே மற்றவர்களை அதட்டத் தொடங்கினாள்.

இப்போது எல்லாரும் ஸ்கூல் மண்டபத்தில் இருக்கிறோம். இன்னும் ஒன்றும் சரியவில்லை. அடுப்பில் குழம்பை விட்டு வந்தவர்கள் என்னைப் பார்த்து முணுமுணுக்கிறார்கள். நான் ஒரு மூலையில் உட்கார்ந்து நீ செய்ததைச் செய்யப் பார்த்தேன். ஒரு தடவை டார்ச் எரிந்தது, ஒரு தடவை என் மூஞ்சியே படத்தில் வந்து பயமுறுத்தியது. கடைசியில் அந்த இடம் கிடைத்தது. அழித்தேன். திறந்து பார்த்தேன். வெள்ளை.

"இப்ப என்ன கலர்?" என்றார் வீட்டுக்காரர், நாற்காலியிலிருந்து.

"தெரியாது."

எத்தனையோ வருஷம் நான் சொன்ன எதையும் காதில் போடாத மனிதர். வெளியே மழையைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார். "தெரியாதுன்னா ஏன் குந்தியிருக்க? போய்ப் பாத்துட்டு வா" என்றார்.

இங்கே இல்லாத சிக்னல் ரோட்டு வளைவில் இருக்கிறதாம். நீ எனக்கு விட்டுப் போனது இந்த இருப்புக்கொள்ளாமைதான்டி. இருட்டுவதற்குள் ஒரு தடவை போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன்.