என் டியூனரை நிறுத்த நீ யார்?

ஜூன் 4

அன்பு மகளுக்கு,

நலம் விசாரிக்கும் மனநிலையில் நான் இல்லை. போன் செய்தால் எடுக்க மாட்டாய், அதனால் எழுதுகிறேன்.

நேற்று பியானோவுக்குச் சுருதி சேர்க்கும் டியூனர் வருவதாக இருந்தது. அவருக்குக் காது கேட்க வேண்டுமே என்று மின்விசிறியை நிறுத்தினேன். உன் அம்மாவை மிக்சி போட விடவில்லை. மத்தியானம் வரை ஆளைக் காணோம். போன் போட்டுக் கேட்டால், "உங்க பொண்ணு வர வேண்டாம்னு சொல்லிட்டாங்களே சார்" என்கிறார்.

என் வீட்டுக்கு வருகிற ஆளை நிறுத்த நீ யார்? இவரைத் தேடிப் பிடிக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். இவருக்கு முன்னால் வந்தவன் முடுக்கு முடுக்கென்று முடுக்கி இரண்டு கம்பியை அறுத்துவிட்டுப் போனான். இவர்தான் உள்ளே கம்பியைத் தட்டும் சுத்தியல்களில் பூச்சி அரித்த கம்பளித் துண்டுகளை மாற்றி அதைப் பேச வைத்தார். மழைக்கு முன் பார்க்காவிட்டால் சுருதி இறங்கிவிடும். பதில் எழுது.

அப்பா

ஜூன் 11

அப்பாவுக்கு,

நிறுத்தியது நான்தான். நிறுத்தியதில் வருத்தமும் இல்லை.

பியானோ பரீட்சையில் விரல் தடுக்கி, பாதியில் எழுந்து வந்த அன்றோடு நான் வாசிப்பதை விட்டேன். நீங்கள் ஒரு வார்த்தை திட்டவில்லை. அது பாட்டுக்குப் பூச்சி அரித்துக் கிடந்தது, நான் நிம்மதியாக இருந்தேன். நாலு வருடத்துக்கு முன் திடீரென்று ஆரம்பித்தது டியூனர், துடைப்பு, உறை எல்லாம். வரும்போதெல்லாம் பளபளவென்று என்னையே பார்த்துக்கொண்டு நிற்கிறது. திட்டியிருந்தால்கூடத் தேவலை.

போன முறை அந்த டியூனரே, "சார் உங்களுக்காகத்தானே இவ்ளோ பாத்துக்கறாரு, எப்ப வாசிக்கப் போறீங்க?" என்று கேட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

விற்றுவிடுங்கள். அது இருக்கும்வரை அந்த வீட்டு வாசலை மிதிக்க மாட்டேன்.

உங்கள் மகள்

ஜூன் 17

அன்பு மகளுக்கு,

நன்றாக இருக்கிறது கதை. டியூனர் ஒன்றை நினைத்துக்கொண்டார், நீ ஒன்றை நினைத்துக்கொண்டாய். என்னை யாராவது கேட்டீர்களா?

அதை வாசிப்பது நான். நாலு வருடத்துக்கு முன் ஓய்வு பெற்ற மறுவாரம் உன் முதல் பாடப் புத்தகத்தை எடுத்து உட்கார்ந்தேன். பட்டறையில் லேத் மிஷின் பிடித்த கை, ஒரு கட்டையை அழுத்தினால் இரண்டு அமுங்குகிறது. யாரோ குழந்தை கற்றுக்கொள்கிறது என்று பக்கத்து வீட்டில் நினைக்கிறார்கள். வெட்கமாக இருந்தது, நானும் திருத்தவில்லை, உன்னிடமும் சொல்லவில்லை. வேண்டுமானால் உன் அம்மாவைக் கேள். "அந்த ஒரே பாட்டை நிறுத்தினாத்தான் இன்னிக்கு சோறு" என்கிறாள்.

நீ வாசிக்கவில்லையே என்று நான் ஒருநாளும் ஏங்கியதில்லை. வருவதில்லையே என்றுதான் ஏங்குகிறேன். விற்றால்தான் வருவாய் என்றால் விற்கிறேன். ஆனால் விற்கச் சொல்வது உன் பியானோவை அல்ல, என்னுடையதை. அதைத் தெரிந்துகொண்டு சொல்.

அப்பா

ஜூன் 23

அன்புள்ள அப்பாவுக்கு,

இத்தனை நாள் கோபத்தை இப்போது எங்கே கொண்டு போய்க் கொட்டுவது? ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என்ன? இன்னும் ஆத்திரமாகத்தான் வருகிறது.

டியூனரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். வியாழக்கிழமை வருவார். அம்மாவை அதற்குள் மிக்சி போட்டு முடிக்கச் சொல்லுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை நான் வருகிறேன். வாசிக்க மாட்டேன். நீங்கள் வாசியுங்கள், கேட்கிறேன். முதல் பாடத்தின் கடைசி வரியில் எல்லாருக்கும் விரல் தடுக்கும். தடுக்கினால் பாதியில் எழுந்துவிடாதீர்கள்.

உங்கள் மகள்