மச்சான் சொன்ன படங்கள்

ஆகஸ்ட் 3, சனி

காலையிலிருந்தே காற்று. ஜன்னல் கம்பியெல்லாம் கரிசல் புழுதி. மழைக்கான அறிகுறியே இல்லை.

கணவர் போனபின் வீட்டோடு இருக்கும் இத்தா முடிந்து இரண்டு வாரம். இன்றுதான் மச்சானுடைய கார்கோ பெட்டியைப் பிரிக்க மனசு வந்தது. ஷார்ஜாவில் அவரோடு ஒரே அறையில் இருந்த காதர் பாய் கட்டி அனுப்பியது. மச்சானை அங்கேயே அடக்கிவிட்டார்கள். எங்கள் ஊர் வீரசோழனுக்கு வந்தது பெட்டி மட்டும்.

உள்ளே கைலிகள், துவைத்து மடித்த சட்டைகள், மூக்குக்கண்ணாடி. மகள் சஃபாவுக்கு ஒரு ஜாமெட்ரி பாக்ஸ். அடியில் முழுக்க டிஸ்க்குகள். அவர் வேலை பார்த்த எலெக்ட்ரானிக்ஸ் கடையில் தள்ளுபடி போடும்போதெல்லாம் எடுத்த ஃபோர்-கே படங்கள். ஒன்று வழியில் உடைந்திருந்தது. கைலிக்குள் சுற்றி, டிஸ்க்கைக் கம்ப்யூட்டரில் போட ஒரு புது டிரைவ்.

வெள்ளிக்கிழமை அவருக்கு லீவு. ஜும்ஆ தொழுது, சாப்பிட்டு, ஒரு படம் பார்ப்பார். பிறகு எனக்குப் போன் செய்து கதை முழுவதையும் சொல்வார். நான் வெங்காயம் உரித்துக்கொண்டே ஸ்பீக்கரில் கேட்பேன். கடைசியில் எப்போதும் ஒரே பேச்சு. "ஊருக்கு வந்ததும் எல்லாத்தையும் கம்ப்யூட்டர்ல ஏத்திருவோம். ரெண்டு பேரும் மொதல்லேருந்து பாப்போம்."

மாமி எட்டிப் பார்த்தார். யாருக்காவது கொடுத்துவிடு, இந்த வீட்டில் இப்போது படம் ஓடினால் தெருவில் என்ன பேசுவார்கள் என்றார். டிஸ்க்குகளை மறுபடி பெட்டியில் அடுக்கினேன். மகன் வாங்கிய டிஸ்க் என்பதால் உடைந்ததைத் தூக்கிப்போட அவருக்கும் மனசில்லை. அலமாரியில் வைத்தார்.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

போன லீவில் மச்சான் வாங்கிவைத்த கம்ப்யூட்டர். தூசி தட்டினேன். டிரைவை மாட்டினேன். டிஸ்க் சுழல்கிறது, சத்தம் வருகிறது, படம் வரவில்லை. இந்தக் கம்ப்யூட்டரில் இந்த வகை டிஸ்க் ஓடாது என்று திரையில் வந்தது. மூன்று டிஸ்க் போட்டேன். மூன்றுக்கும் அதே பதில்.

அழுகை வந்தது. ஒரு டிஸ்க்குக்காகவா அழுகிறாய் என்று என்னையே கேட்டுக்கொண்டேன்.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

நான் பாடம் நடத்தும் பள்ளியில் வகுப்பு முடிந்ததும் காதர் பாய்க்குப் போன் செய்தேன். நேரடியாக ஓட்டினால் இப்படித்தான் அடம்பிடிக்கும், முதலில் ஹார்ட் டிஸ்க்கில் காப்பி எடுத்துவிட்டு அதிலிருந்து ஓட்டுங்கள், அதற்காகத்தான் அந்த டிரைவைத் தேடி வாங்கினார் என்றார். ஒரு படம் அறுபது ஜிபிக்குக் குறையாதாம். டிரைவுக்குக் கரண்டு பற்றாது, இரண்டு ஒயரையும் சொருக வேண்டுமாம். நான் ஒன்றைத்தான் சொருகியிருந்தேன்.

வைப்பதற்கு முன்னால், "அவுக உங்களுக்குக் கதை சொல்லும்போது நானும் பக்கத்துல இருப்பேன் தங்கச்சி" என்றார். வேறு ஏதோ சொல்ல வந்த மாதிரி இருந்தது. சலாம் சொல்லி வைத்துவிட்டார்.

ஆகஸ்ட் 7, புதன்

இத்தாவுக்குப் பிறகு முதல் தடவை தனியாக பஸ். அருப்புக்கோட்டையில் பெரிய ஹார்ட் டிஸ்க். கூட வெங்காயம், சஃபாவுக்கு செருப்பு.

திரும்பும்போது திருச்சுழியில் ஏறிய இரண்டு பெண்கள். "பரளச்சிப் பக்கம் தூத்தல்கூட இல்லையாம்." "எங்கிட்டும் இல்ல." பக்கத்து சீட்டு அம்மா, வீட்டுக்காரர் எங்கே வேலை என்று கேட்டார். ஷார்ஜா என்றேன். அதற்கு மேல் அவரும் கேட்கவில்லை. நானும் திருத்தவில்லை.

ஆகஸ்ட் 9, வெள்ளி

லீவு போட்டேன். டிஸ்க்கை நடுவிலிருந்து ஓரத்துக்கு மெல்லிய துணியால் துடைத்துப் போட்டேன். காப்பி பாதியில் இருக்கும்போது கரண்டு போய்விட்டது. மறுபடி முதலிலிருந்து. மாலை அசர் தொழுகை நேரத்துக்கு முடிந்தது.

ஹெட்போன் மாட்டிக்கொண்டு ஓட்டினேன். நிறமெல்லாம் கழுவி விட்டது போல வெளிறி வந்தது. சாதாரணத் திரைக்கு நிறத்தை மாற்றித் தரும் ஒரு அமைப்பைத் தேடிப் பிடித்தேன். பனி வெள்ளையானது. மரத்துப் பட்டையில் ஒவ்வொரு கீறலும் தெரிந்தது.

இந்தப் படம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. பனிமலையில் பாலம் பழுது பார்க்கப் போகிறவன். கூட ஒரு நாய். வீட்டில் மனைவி. புயலில் வழி தவறி, தூரத்தில் தன் வீட்டு விளக்கைப் பார்த்து வந்து சேருகிறான். ஏன் இவ்வளவு நேரம் என்று அவள் கோபித்துக்கொண்டே சூப் ஊற்றுகிறாள். மச்சான் சொல்லி நான் சிரித்தேன். அவள் உன்னை மாதிரியே என்றார்.

படத்தில் அவன் வரவில்லை. பனி உருகிய பிறகு ஆட்கள் வந்து அவன் போட்டிருந்த கோட்டை அவளிடம் கொடுக்கிறார்கள். அவள் அதை வாங்கி மடிக்கிறாள். அவ்வளவுதான். பெயர்கள் ஓட ஆரம்பித்தன.

ஏதோ தவறு, வேறு படத்தைப் போட்டுவிட்டேன் என்று நினைத்து அட்டையைப் பார்த்தேன். அதே படம்தான்.

ஆகஸ்ட் 10, சனி

இன்னும் இரண்டு படங்களைக் காப்பி எடுத்தேன். கடைசிக் காட்சி மட்டும் பார்த்தேன். கப்பலில் போன தம்பி திரும்பி வந்தான் என்றார் மச்சான். வரவில்லை. ஆஸ்பத்திரியில் கிடந்த பெண் எழுந்து நடந்தாள் என்றார். நடக்கவில்லை.

காதர் பாய்க்குத் தெரிந்திருக்கிறது. பக்கத்தில் உட்கார்ந்து கேட்டிருக்கிறார்.

மாமி வந்து என்ன பார்க்கிறாய் என்றார். உங்கள் மகன் பார்த்த படம் என்றேன். கொஞ்ச நேரம் திரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். "நெஞ்சு வலிச்ச அன்னைக்கும் நல்லாருக்கேன்னுதான் சொன்னான்" என்றார். போய்விட்டார். டிஸ்க்குகளைக் கொடுத்துவிடச் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

சஃபா தலை பின்னிக்கொள்ள வந்தாள். திரையில் பனிப்படத்தின் பெயர் இருந்தது. படித்துவிட்டாள்.

"அம்மா, அத்தா சொன்ன படம்."

உனக்கும் சொன்னாரா என்று கேட்டேன். சொல்லியிருக்கிறார். எனக்குத் தெரியாமல், நான் பள்ளியில் இருக்கும்போது.

"அந்த ஆளுக்கு நடக்க முடியாமப் போயிருமாம். நாய்தான் சட்டையக் கவ்வி வீடு வரைக்கும் இழுத்துட்டு வந்துச்சாம். அது பொழச்சிருச்சாம்மா?"

படத்தில் நாய் அவன் பக்கத்திலேயே விறைத்துக் கிடக்கிறது.

"பொழச்சிருச்சு" என்றேன். "ரெண்டு பேருமே வந்துட்டாக."

"அப்பப் போடுங்கம்மா. பாப்போம்."

இன்னும் காப்பி ஆகவில்லை என்றேன். சரி என்று பின்னலை முன்னால் போட்டுக்கொண்டு விளையாடப் போய்விட்டாள்.

இந்த ஒரு பொய்யைச் சொல்வதற்குள் பின்னலை இரண்டு தடவை தவறவிட்டேன். அவர் வாராவாரம் குரல் மாறாமல் எப்படித்தான் சொன்னாரோ.