காயாத மண்

சரவணம்பட்டி
8.7.2024

அன்புள்ள மயிலாத்தாள் அம்மாவுக்கு,

நலம். சத்தியமங்கலத்தில் தம்பி வீட்டில் நீங்களும் நலம்தானுங்களே? நந்திதா விபத்தில் போன செய்தி வந்த நாளிலிருந்து போன் மணி கேட்டாலும் எடுப்பதில்லை என்றீர்கள். அதனால் கடிதமாகவே எழுதுகிறேன்.

வீட்டை எனக்கு வாடகைக்கு விட்டபோது உங்கள் மகள் வளர்த்த பீஸ் லில்லித் தொட்டிச் செடியைப் பார்த்துக்கொள்ளச் சொன்னீர்கள். பக்கத்தில் கட்டடம் எழும்பிவிட்டதால் ஹாலில் பகலிலும் இருட்டு. செடி மஞ்சளடிக்கிறது. இன்னொன்று, சொல்லவே கூச்சமாக இருக்கிறது. பன்னிரண்டு நாளாக நான் தண்ணீரே ஊற்றவில்லை. விரலை விட்டுப் பார்த்தால் மண் இன்னும் ஈரம். தனியாக இருக்கப் பயமாக இருக்கிறதுங்க அம்மா.

அன்புடன்
சாய்ப்ரியா

சத்தியமங்கலம்
13.7.2024

கண்ணு சாய்ப்ரியாவுக்கு,

பயப்படாதே. அது நந்திதாதான். வேலைக்குப் போகிற அவசரத்தில் சாப்பிட மறப்பாள், அந்தச் செடியை மறக்கமாட்டாள். "நான் இல்லாட்டி இதுக்கு ஆருங்கம்மா தண்ணி ஊத்துவாங்க?" என்று கேட்டுவிட்டுத்தான் படி இறங்குவாள்.

உன் கடிதம் வந்த அன்றுதான், எத்தனையோ மாதம் கழித்து, இரண்டு இட்லி முழுதாகச் சாப்பிட்டேன். நீ தண்ணீர் ஊற்றாதே, அவளே பார்த்துக்கொள்வாள். மண் ஈரமாக இருக்கிறதா என்று மட்டும் வாராவாரம் எழுது.

ஆசிகளுடன்
மயிலாத்தாள்

சரவணம்பட்டி
30.8.2024

அன்புள்ள அம்மாவுக்கு,

மூன்று வாரம் "ஈரம்தான்" என்று எழுதினேன். பொய்யில்லை, ஆனாலும் பொய் சொன்ன மாதிரியே உறுத்தியது. செடி சாய்ந்ததும் நர்சரிக்காரர் அழகிரிசாமியிடம் தூக்கிப்போனேன். "இருட்டுல இருக்கிற செடி தண்ணி குடிக்காதுங்க அம்மணி. ஒருக்கா ஊத்துனா மாசமானாலும் மண்ணு காயாது. வேரெல்லாம் அழுகிப்போச்சுங்க" என்றார்.

அழுகிய வேரை வெட்டி, வேறு தொட்டியில் புது மண்ணில் வைத்து, மேலே செடிக்கென்று விற்கிற விளக்கு ஒன்றை மாட்டினேன். ஒன்பதாம் நாள் மண் காய்ந்தது. நான்தான் தண்ணீர் ஊற்றினேன். இப்போது துளிர் விட்டிருக்கிறது.

நீங்கள் சாப்பிடுகிறீர்கள் என்பதற்காக இதை மறைக்கப் பார்த்தேன், முடியவில்லை. மன்னித்துவிடுங்கள் அம்மா.

சாய்ப்ரியா

சத்தியமங்கலம்
6.9.2024

கண்ணு சாய்ப்ரியாவுக்கு,

உன்மேல் கோபம் இல்லை. செடியைப் பிழைக்க வைத்தாய். நர்சரிக்காரர் சொன்னதும் சரிதான். நானும் காட்டு வேலை பார்த்தவள், எனக்கு மண் தெரியாதா?

ஆனால் ஒன்பதாம் நாள் மண் காய்ந்தது என்று எழுதியிருக்கிறாயே, அதற்கு மேல் அன்றைக்கு என்னால் படிக்க முடியவில்லை. போனில் யாரோ சொல்லி ஒரு தடவை போனாள். இப்போது உன் கையெழுத்தில் இன்னொரு தடவை போய்விட்டாள்.

ஐப்பசி பிறந்ததும் வீட்டைக் காலி செய்து கொடு. நானே வந்து இருந்துகொள்கிறேன். செடியை நீ எடுத்துக்கொள், உன்னிடம் வளரும். விளக்கையும் கழற்றிக்கொண்டு போ.

பழைய தொட்டியும் மண்ணும் இருந்தால் கொட்டிவிடாதே. கிளம்புகிற அன்று அதில் ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றி, இருட்டிலேயே வைத்துவிட்டுப் போ.

மயிலாத்தாள்