ஊதாப் புடவையும் இரண்டு போன்களும்

ஆகஸ்ட் 4, 2025, கடலூர்

சிதம்பரத்திலிருந்து சம்பந்தி கோவிந்தசாமி பேசினார். நிச்சயதார்த்தத்துக்கு மருமகளுக்கு எடுத்த புடவையை ரவிக்கை தைக்க முன்கூட்டியே அனுப்பியிருந்தோம். “போட்டோல காட்டுனது நீலம். வந்தது ஊதா. ஆடித் தள்ளுபடியில வேற எடுத்துட்டீங்களா சம்பந்தி?”

மாற்றிவிட்டேனா? நானா? அதே புடவையைத்தான் என் போனில் படமெடுத்து அனுப்பினேன்! அவர் போனில் எடுத்தால் ஊதாவாகவே வருகிறதாம். அதுதான் சாட்சியாம்.

ஆகஸ்ட் 5

மகன் இளவரசு கெஞ்சுகிறான். “நீலத்துல ஒண்ணு எடுத்துக் குடுத்துடலாம்பா. வுடுங்க.”

கொடுத்தால் திருட்டுத்தனத்தை ஒப்புக்கொண்டதாகும். முடியாது. கல்யாணம் நின்றால்? — நிற்கட்டும் என்று எழுதக் கை வரவில்லை.

ஆகஸ்ட் 9

தேடித் தேடிப் படித்தேன். இந்த மாதிரி சாயத்தில் நீலத்தோடு சிவப்பின் கடைசி ஓரமும் கலந்திருக்குமாம். கண்ணுக்கு அது தெரியும், அதனால் ஊதா. கேமரா சென்சாருக்குத் தெரியுமா என்பது செய்தவன் கையில். போனுக்குப் போன் வேறு. எது எவ்வளவு பார்க்கும் என்று பெட்டியில் ஒரு வரி போட மாட்டானாம். விலையை மட்டும் கொட்டை எழுத்தில் போடுவான்! என் போனையும் அவர் போனையும் நானே அளக்கிறேன்.

ஆகஸ்ட் 12

செருப்புப் பெட்டியில் பிளேடால் ஒரு கீறல், உள்ளே உடைந்த சி.டி. துண்டு. வெயில் வானவில்லாக விரிந்தது. படமெடுத்து, எந்த இடத்தில் எவ்வளவு சிவப்பு என்று கணினியில் பார்த்தால் படத்துக்குப் படம் வேறு கணக்கு. போன் தானாகவே திருத்துகிறது, சனியன்!

என் மனைவி தில்லையம்மாள் சிரிக்கிறாள். “சம்பந்தி வூட்டுக்குச் செருப்புப் பெட்டியத் தூக்கிட்டுப் போற மொத ஆளு நீங்கதான்.”

ஆகஸ்ட் 14

தானாகத் திருத்துவதைப் பூட்டினேன். என் கண்ணுக்குச் சிவப்பு முடிவதற்கு வெகு முன்பே என் போனுக்கு முடிந்துவிடுகிறது.

ஆகஸ்ட் 17

சிதம்பரம் போய் வந்தேன். கோவிந்தசாமி போனைத் தர மாட்டேன் என்றார். மருமகள் மோகனப்பிரியாதான் அப்பா கையிலிருந்து பிடுங்கிக் கொடுத்தாள். “புடிங்க மாமா.”

அதே வெயில், அதே பெட்டி. அவர் போனில் சிவப்பு இன்னும் தள்ளிப் போய் முடிந்தது. இரண்டு போனிலும் சிவப்பு முடிகிற இடத்தை ஒரே தாளில் கோடு போட்டு நீட்டினேன்.

“சரி, போனு செஞ்ச வேலைதான். கைல ஊதா, போட்டோல நீலம். அனுப்பறப்ப நீங்க பாக்கலையா?”

நான் செருப்புப் பெட்டியை மூடிக் கட்டினேன். அவர் மன்னிப்புக் கேட்கவில்லை. புடவையை மாற்றச் சொல்லவும் இல்லை.

ஆகஸ்ட் 29

நிச்சயம் முடிந்தது. ஊதாதான் கட்டினாள்.

செப்டம்பர் 6

ஆல்பம் வந்தது. அதில் புடவை நீலம். கோவிந்தசாமிக்கு ஒரே குஷி. “நான் கேட்ட நீலமே வந்துடுச்சு, பாத்தீங்களா சம்பந்தி!”

“நீலமாவே இருந்துட்டுப் போவட்டும்” என்கிறாள் தில்லையம்மாள். போட்டோகிராபரைக் காலையில் கேமராவோடு வரச் சொல்லியிருக்கிறேன்.