மொய்து மாமாவுக்கு ஓர்மையில்லையாம்

மட்டாஞ்சேரி
14.7.1963

அன்பு மகன் நைனா முகம்மதுவுக்கு அம்மா ஜுமைலா சலாம் சொல்லி எழுதிக்கொள்வது. அல்லாஹ் கிருபையால் நானும் உன் தங்கை ரம்லத்தும் உயிரோடு இருக்கிறோம், சுகம் என்று எழுத இந்தத் தடவை கை வரவில்லை. பம்பாயில் உனக்கு ஒரு நோவும் அண்டாதிருக்க துஆ செய்கிறேன்.

உன் ஆபீசில் கணக்குப் போடும் மிஷினுக்கு ஞாபகம் எப்படி நிற்கிறது என்று நாலு பக்கம் எழுதியிருந்தாய். பாதரசக் குழாயில் ஒரு வகையாம், சேதியை ஒலியாக்கி ஒரு முனையில் விட்டு மறுமுனையில் பிடித்துத் திரும்பத் திரும்ப விட்டுக்கொண்டே இருக்கவேண்டுமாம், கரண்ட் போனால் எல்லாம் போச்சாம். இன்னொன்று காந்தம் பூசிய பீப்பாயாம், சுற்றிக்கொண்டே இருக்குமாம், வேண்டியது சுற்றி வரும்வரை காத்திருக்கவேண்டுமாம், ஆனால் கரண்ட் போனாலும் அழியாதாம். நல்லது. என் கூடப்பிறந்த மொய்துவின் ஞாபகம் இதில் எந்த வகை என்று அங்கே கேட்டுச் சொல். உன் அத்தா மவுத்தாகி நாற்பதாம் நாள் பாத்திஹாவில், ஓத வந்த லெப்பைக்கு முன்னால், ஓதிய சீனியை ரம்லத் கையில் வைத்து, இவள் என் மகன் அபூபக்கருக்குத்தான் என்று வாக்குக் கொடுத்தவன் அவன். அதை நம்பி மூன்று வருஷமாக வந்த வரனையெல்லாம் திருப்பி அனுப்பினேன். இப்போது வெலிங்டன் தீவில் கிடங்கு வைத்திருப்பவரின் மகளை அபூபக்கருக்குப் பேசி முடித்துவிட்டான். போய்க் கேட்டால், சாயாவை உறிஞ்சிக்கொண்டே, எனக்கு அப்படி ஒண்ணும் ஓர்மையில்லே ஜுமைலா என்கிறான். சீ, இவனும் ஒரு மனுஷனா! எனக்கு வைத்த சாயாவை நான் தொடவில்லை. சாட்சியான லெப்பையிடம் கேட்டால் அவரும் மழுப்புகிறார், அவருக்குக் கல்யாணப் பிரியாணி கிடைக்கவேண்டுமே.

இதைக்கூடப் பொறுத்திருப்பேன். நான் எழுந்தபோது பெட்டியைத் திறந்து ஒரு கடிதத்தை நீட்டினான். ரம்லத்துக்கு வேறு இடம் பார்த்துக்கொள்ளலாம், உங்கள் இஷ்டம்போல் செய்யுங்கள் மாமா என்று உன் கையெழுத்து. உன் பம்பாய் வேலைக்கு அவன் சிபாரிசு பண்ணினான் என்பதற்காகத் தங்கையையா விட்டுக்கொடுப்பாய்? அவனாவது மறந்த மாதிரி நடிக்கிறான், நீ எல்லாம் ஓர்மையிருந்தே எழுதியிருக்கிறாய். பெற்ற பிள்ளையை நினைத்து அருவருப்புப் படுவேன் என்று நான் நினைத்ததில்லை. மிஷினைப் பற்றி நாலு பக்கம் எழுதினவனுக்கு எனக்கு இதை ஒரு வரி எழுதக் கை வரவில்லை.

அந்தக் கடிதத்தைப் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டேன். ரம்லத்துக்கு மலையாளம் வாசிக்க வரும், தமிழ் வராது, என்னை வாசிக்கச் சொல்லிக் கேட்டாள், அழவில்லை. நீ இப்போது மிஷினின் ஞாபகத்துக்கென்று கம்பி கோர்க்கிறாயே, கடுகுபோல் காந்த வளையம், அதில் இருப்பது ஒரு தரம் வாசித்தாலே அழிந்துபோகும், உடனே திரும்ப எழுதிவைக்கவேண்டும் என்றாய். உன் கடிதத்தை அவளுக்கு நாலு தரம் வாசித்துவிட்டேன், ஒரு எழுத்தும் அழியவில்லை.

அபூபக்கர் கல்யாணத்துக்கு லீவு போட்டிருக்கிறாயாமே. மழையில் நனையாதே, நேரத்துக்குச் சாப்பிடு. ரப்பு உனக்கு நீண்ட ஆயுளும் கொஞ்சம் வெட்கமும் தரட்டும். மறக்காதே, ரயிலைவிட்டு இறங்கினால் மாமா வீட்டுக்குப் போகுமுன் இங்கே வா. அவனுக்கு எழுதியதை உன் தங்கை முகத்தைப் பார்த்து ஒரு தரம் சொல்லிவிட்டுப் போ.

உன்னைப் பெற்ற
ஜுமைலா