பட்டு முந்தானையால் துடைத்த போர்டு

ஏழு வருடம் என்னோடு ஒரே அடுப்பில் சமைத்த என் மல்லிகா அக்காவுக்கு,

நீங்கள் காய்ச்சலில் போய் ஒரு வருடம் ஆகிறது. சேலை டிசைன் போடும் நம் வீட்டுக் கம்ப்யூட்டருக்கு நேற்று நானே புது மதர்போர்டு மாட்டினேன். நன்றாக ஓடுகிறது. "பெரியவ மாட்டின மாதிரியே இருக்குதும்மா" என்றார் மாமனார். என் பேரைச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை பாருங்கள்!

கம்ப்யூட்டர் டிப்ளமோ வாங்கிய மருமகள் நான். பத்தாவது படித்த ஓரகத்தி நீங்கள். கம்ப்யூட்டர் கடைக்காரர் ஒரே ஒருமுறை போர்டு மாட்டிக் காட்டியதை அப்படியே பிடித்துக்கொண்டீர்கள். பட்டைக் களைந்து பருத்திச் சேலைக்கு மாறுவீர்கள். உடம்பில் ஏறிய மின்சாரம் இறங்க முதலில் கம்ப்யூட்டரின் இரும்புப் பெட்டியைத் தொடுவீர்கள், பிறகுதான் போர்டு, அதுவும் ஓரத்தை மட்டும். வீடே வேடிக்கை பார்க்கும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அன்று புது போர்டை உறையிலிருந்து எடுத்து வைத்தீர்கள். உலை பொங்குகிறதென்று அடுப்படிக்கு ஓடினீர்கள். அப்போதுதான் நான் காமாட்சியம்மன் கோயிலிலிருந்து பட்டுப்புடவையோடு வந்தேன். எனக்கும் தெரியும் என்று காட்ட வேண்டாமா? முந்தானையால் பரபரவென்று தூசி துடைத்தேன். விரல் நுனியில் சுருக்கென்று ஒரு பொறி. பட்டில் தேய்த்தால் மின்சாரம் ஏறும், போர்டு செத்துப்போகும் என்று வகுப்பில் படித்தவள்தான் நான். சத்தமில்லாமல் நகர்ந்துவிட்டேன்.

நீங்கள் வந்து மாட்டினீர்கள். திரை இருட்டாகவே கிடந்தது.

"என் கையிலதான் போச்சு மாமா" என்றீர்கள்.

"இனிமே நீ அதுங்கிட்ட போவாதம்மா. தார் சுத்திக்கினு இரு" என்றார் நம் மாமியார்.

தறிக்கான ஊடை நூலைத் தார்க் குச்சியில் சுற்ற உட்கார்ந்த நீங்கள், சாகும்வரை அந்த அறைக்குள் வரவில்லை. நான் வாயைத் திறக்கவில்லை. உங்கள் நாற்காலி எனக்குக் கிடைத்ததே! சந்தோஷமாகத்தான் இருந்தது, அக்கா. அதை மறைத்தால் இந்தக் கடிதமே பொய்.

உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா? தெரிந்தேதான் என்னைக் காட்டிக்கொடுக்காமல் விட்டீர்களா? அப்படியென்றால் அதற்கும் எனக்குப் பொறாமைதான்.

நாளை உங்கள் திதி. படையல் முடிந்து எல்லாரும் உட்கார்ந்ததும் இதை உரக்கப் படிப்பேன். மாமியார் என்னைத் திட்டித் தீர்ப்பார். பிறகு, "பெரியவ மனசு யாருக்கு வரும்?" என்று உங்களைத்தான் புகழ்வார். என் வயிறு எரியும். எரியட்டும். நிறுத்தாமல் படிப்பேன்.

இப்படிக்கு,
உங்கள் ஓரகத்தி, இந்த வீட்டுச் சின்ன மருமகள்
சுமதி